அண்ணன் மகளுக்கு ஒரு சைக்கிள்: புதிதா, பழையதா? ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஜூன் முதல் வாரத்தில் என் அண்ணன் மகளுக்குப் புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. நாள் சம்பளம் 450 ரூபாய். காலை எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நிலையம் 7 கிலோமீட்டர். போக வர 14, மாதம் 26 நாள் என்று வைத்தால் 364 கிலோமீட்டர்.

பஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த ஏற்பாட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ் காலை ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதேகாலுக்கு ஒன்று. முதல் பஸ்ஸில் போனால் பூட்டிய கதவின் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். அடுத்த பஸ்ஸில் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும். மாலையிலும் இதே நிலைதான். ஆகவே சைக்கிள் வேண்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தச் சைக்கிள் என்பதில்தான் பத்து நாள் பேச்சு நடந்தது.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் கணவர் வாடகை சைக்கிள் கடை நடத்தினார். அவரோடு பதினான்கு ஆண்டுகள் பஞ்சர் ஒட்டியிருக்கிறேன், வீல் கோட்டம் எடுத்திருக்கிறேன். அதற்கு முன்பே, 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நானும் தொண்டராக இருந்தேன். எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொண்ட காலம் அது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கும்படி செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி, அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே சைக்கிள் என்றாலே எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதம் இந்தக் கதையில் ஓரிடத்தில் கெடுதலும் செய்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் இருந்தவை

முதலாவது, கடையில் புதிய லேடீஸ் சைக்கிள். 26 அங்குலச் சக்கரம், முன்னால் கூடை, கியர் இல்லை. பூட்டித் தருவது உட்பட 6,900 ரூபாய் என்றார்கள்.

அதே கடையில் 8,500 ரூபாய்க்குப் பளபளவென்று இன்னொன்று நின்றது. முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கில் ஸ்பிரிங், தடித்த டயர், டிஸ்க் பிரேக். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. ஐப்பசி மழையில் செம்மண் சாலையில் போய் வெள்ளைக் கோட்டு அணிந்து வேலை செய்ய வேண்டிய பெண்ணுக்கு மட்கார்டு இல்லாத சைக்கிள் எதற்கு? அந்த விலையில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் எடையைத்தான் கூட்டும். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கையும் அது விழுங்கிவிடும். அந்தப் பேச்சை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டோம்.

அடுத்தது, நகரத்தில் ஒரு பழுது பார்க்கும் கடையில் விற்பனைக்கு நின்ற பார் வைத்த பழைய சைக்கிள். 2,800 ரூபாய். புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசி, மணியெல்லாம் மாற்றி நிறுத்தியிருந்தார்கள்.

கடைசியாக, எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் மாட்டுக் கொட்டகையில் இரண்டு வருடமாகச் சாய்ந்து கிடந்த அரசுச் சைக்கிள். அந்த வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பில் வாங்கியது. படிப்பு முடித்து, கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். "சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்றார் அவள் அம்மா. சும்மா வாங்கினால் நாளைக்கு ஒரு வார்த்தை வரும் என்று 1,500 ரூபாய் பேசினேன்.

பொதுவாக எல்லோரும் 6,900க்கும் 1,500க்கும் இடையில் உள்ள 5,400 ரூபாயைத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு தப்பு. கொட்டகையில் நிற்கும் சைக்கிளின் விலை 1,500 இல்லை. அதைச் சாலையில் நம்பி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் மொத்தச் செலவுதான் அதன் விலை. புதிய சைக்கிளுக்கும் இது பொருந்தும். சென்ற ஆண்டு உறவினர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுப் புதிது வாங்கினார். ஒரே மாதத்தில் பின் சக்கரம் ஆட ஆரம்பித்தது. அவசரத்தில் பூட்டிக் கொடுத்ததால் ஸ்போக் கம்பிகள் பாதி தொளதொளவென்று இருந்தன, சக்கரத்தின் நடுவில் அச்சு ஓடும் ஹப்போ சுற்ற முடியாத அளவுக்கு இறுகியிருந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் மாத முடிவில் கம்பிகளை இறுக்கி, ஹப்புக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டுகளைச் சரிபார்த்தே ஆக வேண்டும். பெட்டியிலிருந்து வந்த சைக்கிளில் பழுதிருக்காது என்று நினைப்பவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள்.

கறுப்பு வண்ணத்துக்குக் கீழே

2,800 ரூபாய் சைக்கிளைப் பார்க்க அண்ணன் மகளையும் அழைத்துப் போனேன். நின்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளினேன். ஹேண்டிலுக்குக் கீழே 'டக் டக்' என்று தட்டியது. அது பெரிய குறை அல்ல, அங்குள்ள குண்டுகளை மாற்றினால் சரியாகும். முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, கட்டைவிரலை ஃபோர்க்கில் ஊன்றி நகத்தை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு சுற்றுக்கு ஒரு முறை ரிம் வந்து நகத்தில் இடித்தது. இதுவும் கோட்டம் எடுத்தால் தீரும்.

பிறகு குனிந்து, ஹேண்டில் கழுத்திலிருந்து பெடலை நோக்கி இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். கழுத்துக்கு ஒரு விரற்கடை கீழே விரலுக்கு ஒரு மடிப்புத் தட்டுப்பட்டது. துணியில் அயர்ன் சரியாக விழாத இடத்தில் நிற்கும் சுருக்கம் போல இருந்தது. "இங்கே கை வைத்துப் பார்" என்று அவள் விரலைப் பிடித்து வைத்தேன். எங்கேயோ நேராக மோதி, இரும்பே மடங்கியிருக்கிறது. அந்த மடிப்பை மறைக்கத்தான் புது வண்ணம். டயர், செயின், ரிம், பெடல் எல்லாவற்றையும் மாற்றலாம். கழுத்து மடங்கிய ஃபிரேமை மாற்ற முடியாது. ஒருநாள் கேரியரில் சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது அது விட்டுவிட்டால் ஓட்டுபவர் முகம்தான் முதலில் தரையில் படும்.

சீட் கம்பியையும் உருவிப் பார்க்கச் சொன்னேன், கடைக்காரர் தயங்கினார். பில் இருக்கிறதா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. பெடல் அச்சு இருக்கும் குழாயின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்கப் போனால், அந்த இடம் அரம் போட்டுத் தேய்த்ததைப் போல மழமழவென்று இருந்தது. அதோடு அந்தச் சைக்கிளை விட்டுவிட்டோம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டோ வாங்கினால், வாங்கியவரும் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றவாளிதான். 2,800 ரூபாய்க்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் காவல் நிலைய வாசலில் நிற்க ஒரு பெண்பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன்.

கொட்டகைச் சைக்கிள்

அதை வெளியே இழுத்து வந்தபோது அண்ணன் மகளின் முகம் வாடியது. டயர்களின் பக்கவாட்டில் காய்ந்த கண்மாய் போல வெடிப்புகள். செயின் செம்பருத்தி நிறத்தில் துருப்பிடித்திருந்தது. கூடை நசுங்கியிருந்தது. கோழி எச்சம் வேறு.

நான் பார்த்தது வேறு. ஃபிரேமில் ஒரு மடிப்பும் இல்லை. பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நின்றன. சீட் கம்பியை உருவிச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சிட்டிகை துருப்பொடி விழுந்தது, அவ்வளவுதான். உள்ளே அரித்திருந்தால் கைப்பிடி அளவு கொட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை ஓட்டிய பெண்ணை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடமும் வீடும் தவிர வேறெங்கும் அது போனதில்லை. யாரிடமும் இரவல் போனதில்லை. பழைய சைக்கிளுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அங்குலத்தை 16 பங்காகப் பிரித்திருக்கும் எஃகு டேப்பை எடுத்துச் செயினை அளந்தேன். செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவுக்கு அரை அங்குலம். 24 இடைவெளி எண்ணினால் 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்ற வேண்டும். 1/8 கூடிவிட்டால் அந்தச் செயின், தான் ஓடிய பல்லையும் தேய்த்திருக்கும். அப்போது பின்னால் உள்ள பல் சக்கரமான ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். டேப் 12 அங்குலமும் 1/8உம் காட்டியது.

இந்த மாதிரிச் சைக்கிளைப் பழுது பார்ப்பது நம் நாட்டில் எளிது. லூதியானாவில் செய்ததானாலும், 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள் ஆலையில் செய்ததானாலும் சாதாரணச் சைக்கிளுக்கு ஒரே அளவுச் செயின், ஒரே அளவுக் குண்டு. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டுகள். முன் ஹப்பில் பக்கத்துக்குப் பத்து, அதைவிடச் சிறியவை. அட்லஸ் சைக்கிள் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூனில் மூடப்பட்டது. அதற்காக ஊரில் ஓடும் அட்லஸ் சைக்கிள் எதுவும் உதிரி பாகமில்லாமல் நின்றுவிடவில்லை. ஃபிரேமும் ஃபோர்க்கும் நேராக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் துண்டு துண்டாக மாற்றி ஒரு சைக்கிளை முப்பது வருடம் ஓட்டலாம். டிஸ்க் பிரேக், கியர் வைத்தவற்றில் இந்த வசதி இவ்வளவு தாராளமாகக் கிடையாது. அதனால்தான் அப்படிப்பட்டதைப் பழசாக வாங்கப் போகிறவர்களை நான் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன்.

"எனக்கு எப்போதும் பழசுதானா?"

கணக்கெல்லாம் போட்டு முடித்த அன்று இரவு அவள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அக்கா போட்ட சட்டையைப் போட்டேன். அக்கா படித்த புத்தகத்தில் படித்தேன். இது என் சம்பளத்தில் கழியப் போகிற கடன். இதிலும் எனக்குப் பழசுதானா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இப்படிப்பட்ட தீர்மானங்களில் நாம் ரூபாயை மட்டும் எண்ணுகிறோம், ஓட்டப் போகிறவளின் மனத்தை எண்ணுவதில்லை. பிடிக்காத சைக்கிளைத் துடைக்க மாட்டாள், எண்ணெய் விட மாட்டாள். அப்படி இருந்தால் எந்தச் சைக்கிளும் ஒரு வருடம் தாங்காது. ஆகவே அவள் கேட்டது செலவுக் கணக்கில் சேர வேண்டிய கேள்விதான்.

ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் எழுதினேன். புதிது 6,900. அவள் கையில் இருந்தது 2,000, மீதி அண்ணன் வட்டிக்கு வாங்க வேண்டும். பழையது, எல்லாம் மாற்றினால் நாலாயிரத்துக்குள். மீதிக்கு என்னிடமே பணம் இருந்தது, வட்டி கிடையாது. "முடிவை நீயே எடு. பழையதை எடுத்தால் ஆறு மாதம் ஓட்டிப் பார். பிடிக்கவில்லை என்றால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். உனக்குப் புதிது வாங்க நானே கூட வருகிறேன்" என்றேன். மறுநாள் காலை வந்து, "நிறம் மட்டும் நான் சொல்வதுதான்" என்றாள். சொன்னது மயில் நீலம். வண்ணச் செலவை அண்ணன் ஏற்றுக்கொண்டதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் ஃபிரேமில் இருந்த அரசு முத்திரையின் மேல் வண்ணம் பூச வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். 2001-02இல் பதினொன்றாம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டத்தின் சைக்கிள் அது. அவள் அக்காவும் அப்படி ஒன்றில்தான் பிளஸ் டூ முடித்தாள்.

செலவும் என் தவறும்

டயர் இரண்டு 700, ட்யூப் இரண்டு 280, செயின் 190, பெடல் ஜோடி 180, குண்டும் கிரீஸும் 120, பிரேக் கட்டைகள் 60, துருப்பிடித்த ஸ்போக் கம்பிகளுக்குப் பதிலாகப் புதியவை 60, கூலி 600. மொத்தம் 2,190. சைக்கிள் விலை 1,500 சேர்த்து 3,690 ரூபாய்.

இந்தப் பட்டியலில் ஃப்ரீவீல் இல்லை. 170 ரூபாய்ப் பொருள். பழுது பார்த்தவர், "மாற்றிவிடலாமா அம்மா?" என்று கேட்கத்தான் செய்தார். பல்லைப் பார்த்தேன், பார்வைக்கு நன்றாகவே இருந்தது. வேண்டாம் என்றேன். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போடக் கூடாது என்பது என் கணவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். 1/8 என்று டேப் காட்டியதை நானே அளந்து பார்த்தவள். அப்படியிருந்தும், பழையது எவ்வளவு மலிவு என்று அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்ற வீம்பில் அந்த 170 ரூபாயைப் பிடித்து வைத்தேன்.

மூன்றாவது வாரம், கண்மாய்க் கரை ஏற்றத்தில் அவள் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். செயின் பல்லைத் தாண்டி வழுக்கியது. மிதி சட்டென்று காலுக்குக் கீழே இறங்க, முழங்கால் ஹேண்டிலில் மோதி, கரைச் சரிவில் விழுந்தாள். பழைய செயின் நீண்டபோது அந்தப் பல்லும் அதற்கேற்பத் தேய்ந்துவிடும். சரியான அளவுள்ள புதுச் செயின் அந்தப் பள்ளங்களில் முழுதாக உட்காராது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. முழு எடையும் மிதியில் விழும்போதுதான் அது தாவும். நல்ல வேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை. தோல் கிழிந்து இரண்டு நாள் வீட்டில் இருந்தாள்.

ஃப்ரீவீல் 170, மாற்றக் கூலி 80. இரண்டு நாள் சம்பளம் 900. இந்த 1,150 ரூபாயும் என் கணக்கில் எழுத வேண்டியது. ஆக, சைக்கிளின் மொத்தச் செலவு 4,840. புதியதோடு ஒப்பிட்டால் மிச்சம் 2,060 ரூபாய். முதலிலேயே ஃப்ரீவீலை மாற்றியிருந்தால் மிச்சம் 3,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். அவள் முழங்காலில் அந்தத் தழும்பும் இருந்திருக்காது. அதை நான் பணத்தால் எண்ணவில்லை.

அதன் பிறகு

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரிக் குறைப்பை அப்படியே விட்டுக்கொடுத்தால் அந்த 6,900 ரூபாய்ச் சைக்கிள் ஏறக்குறைய 6,470க்கு வர வேண்டும். எங்கள் மிச்சம் 1,600 சொச்சமாகச் சுருங்கியிருக்கும். அன்றைக்கு இந்த விலை இருந்திருந்தால், பக்கத்தில் வேலை தெரிந்தவர் இல்லாத ஒரு வீட்டுக்கு நான் புதிதையே வாங்கச் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டுக்கு அப்போதும் கொட்டகைச் சைக்கிளைத்தான் சொல்லியிருப்பேன். ஓட்டியவரைத் தெரிந்திருந்தது, ஃபிரேம் நேராக இருந்தது, பார்த்துச் சொல்ல ஆள் இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் புதிதுக்குப் போவதே நல்லது. ஒவ்வொரு தெருவிலும் இப்படி எத்தனை சைக்கிள்கள் கோழி எச்சத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முன்னால் நாலு வீட்டுக் கொட்டகையை எட்டிப் பாருங்கள்.

ஆறு மாத வாக்கு டிசம்பரில் முடிந்தது. நானே நினைவுபடுத்தினேன். "இப்போது எதற்கு அத்தை?" என்று சொல்லிவிட்டாள். ஜனவரி வரை சைக்கிள் 2,500 கிலோமீட்டர் ஓடியிருக்கும். நடுவில் இரண்டு பஞ்சர், ஒரு முறை பிரேக் கட்டை. மாதம் ஒருமுறை அவளே செயினைத் துடைத்து அளக்கிறாள். போன மாதம் 12 அங்குலத்துக்கு மேல் ஒரு மயிரிழைதான், 1/16 இன்னும் தொடவில்லை.

போன ஞாயிறு, அவளோடு வேலை செய்யும் பெண் பழைய சைக்கிள் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லி அவளைத் துணைக்குக் கூப்பிட்டாளாம். நானும் வரவா என்று கேட்டேன். "வேண்டாம் அத்தை, டேப்பை மட்டும் கொடுங்கள்" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாலையில் திரும்பி வந்ததும் முதலில் சொன்னது, "கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்தேன் அத்தை, மடிப்பு இல்லை. ஆனால் ஃப்ரீவீலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்."